நாலாவது பேர்

அம்சம் நாற்றங்காலில் குனிந்து நின்றபோது மகள் வரப்பில் வேகமாக வருவது தெரிந்தது. ஆனி பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆற்றில் தண்ணீர் விட்டதாகச் செய்தி வந்திருந்ததே தவிர, வாய்க்காலில் இன்னும் புழுதிதான். மேலநாணல்குடியில் போர்வெல் வைத்திருந்தவர்கள் மட்டும் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். அம்சமும் இன்னும் ஏழு பெண்களும் விடிந்ததிலிருந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நாள் தள்ளிப்போன நாற்று. வேர் மண்ணைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. பிடுங்கி, சேற்றைக் காலில் தட்டி, நாற்றுமுடியாகக் கட்டிப் பின்னால் போட்டுக்கொண்டே போனாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது.

மதிவதனி பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்தாகிவிட்டது. எல்லாச் சான்றும் ஏற்றியாகிவிட்டது, முதல் பட்டதாரி சான்று ஒன்றைத் தவிர. அப்பா இளையபெருமாள் ஐந்தாவது, அம்மா எட்டாவது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. அந்தச் சான்று இருந்தால் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இல்லாவிட்டால் படிப்பே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும். அன்று திங்கள்.

"தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா" என்றாள் மதிவதனி.

"ஏன்?"

"நம்ம வீட்ல ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருக்காராம்."

பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். யாரு, இளையபெருமாளா, ராவோட ராவா போயிப் படிச்சாரா என்று ஒருத்தி கேட்டாள். அம்சமும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் மகள் அதே இடத்தில் அப்படியே நிற்பதைப் பார்த்ததும், கையிலிருந்த முடியைக் கட்டாமலே போட்டுவிட்டு வரப்பேறினாள்.

பஸ் நிறுத்தத்தில் கலந்தர் பாயின் கடை. முன்பக்கம் ஜெராக்ஸும் குளிர்பானமும், உள்ளே இ-சேவை. உள்பக்கத்தை அவர் மகள் ஆசியா பார்த்துக்கொள்கிறாள். மதிவதனிக்கு எல்லா விண்ணப்பமும் போட்டுக் கொடுத்தது அவள்தான். அம்சம் சேற்றுக் காலோடு வாசலில் தயங்கி நிற்க, பரவாயில்லக்கா உள்ள வாங்க என்று கூப்பிட்டு, குடும்ப அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு தடவை தட்டினாள்.

"அக்கா, ஒங்க கார்டுல நாலு பேரு இருக்காங்க."

"மூணு பேருதானே."

"அட்டையில மூணுதான் அச்சடிச்சிருக்கு. கம்ப்யூட்டர்ல நாலு. நாலு வருஷத்துக்கு முந்தி சேத்துருக்காங்க." ஆசியா திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள். "புகழேந்தி. ஆண். இருபத்திரண்டு வயசு. உறவுமுறை, மகன்."

தகப்பன் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று மதிவதனி கேட்டாள். இளையபெருமாள் என்று இருந்தது. தாய் பெயர் அம்சம். அந்தப் புகழேந்தி நாலு வருஷம் முன்பே இந்த அட்டையை வைத்து முதல் பட்டதாரி சான்று வாங்கியிருந்தான். ஒரு குடும்பத்தில் முதல் பட்டதாரி ஒருவர்தானே இருக்க முடியும்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் இளையபெருமாள் வரப்பு வெட்டிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அம்சம் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவர், கம்ப்யூட்டர் கோளாறு என்றார்.

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். அதற்கு முன்னால் தண்ணீர் வராத வருஷங்களில் அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தவர். அம்சத்தின் மனதில் அந்தக் கணக்கு மத்தியானத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

"திருப்பூர்ல யாரும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபப்படவில்லை, குழப்பத்தோடு அவளையே பார்த்தார். "தாயார் பேரு அம்சம்னு போட்டுருக்குன்னு நீதானே சொன்ன. அப்ப நான் ஒன்னைய என்ன கேக்குறது?"

கருவாட்டுக் குழம்பு அடுப்பில் சுண்டிப் போயிருந்தது. அதையே மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஒரு பேச்சுக்குக் கேட்டதுதான் என்று அம்சம் சொல்ல நினைத்தாள். சொல்லாமலே படுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகாமல் வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனார்கள். அவர் அந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாதும்மா, முந்தி இருந்தவர் கையெழுத்துப் போட்டிருக்கார், அவர் மாத்தலாகிப் போயிட்டார் என்றார். அட்டையில் பேர் இருக்கிறவரை தன்னால் ஒன்றும் எழுத முடியாது, வேட்டக்குளம் தாலுகா ஆபீசில் வழங்கல் பிரிவுக்குப் போங்கள் என்று அனுப்பினார்.

வேட்டக்குளத்தில் வழங்கல் அலுவலர் ஒரு பெண். பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் கேட்கக் கேட்க அம்சத்துக்குத் தான் சொல்வது தனக்கே பொய் போலத் தோன்ற ஆரம்பித்தது.

"ஒங்க பையன் இல்லேங்கறீங்க."

"இல்லீங்க."

"நாலு வருஷமா ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுங்க."

"மாசம் சர்க்கரை எவ்வளவு வாங்குறீங்க?"

ரெண்டு கிலோ என்றாள் அம்சம். அந்த அம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு ஆளுக்கு அரைக் கிலோ, மூணு பேருக்கு ஒன்றரைதானே வரணும் என்றார். அம்சம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் தடவை கடைக்காரர் கூடுதலாகப் போட்டபோது, கவர்மெண்டில் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்து வாங்கிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. யாரோ ஒரு பையனின் சர்க்கரையை நாலு வருஷம் காப்பியில் போட்டுக் குடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. இளையபெருமாள்தான், வேணும்னு வாங்கலீங்க என்று மெதுவாகச் சொன்னார்.

பேரை நீக்குவதற்கு வழி இருக்கிறது என்றார் அலுவலர். கல்யாணமாகித் தனியாகப் போயிருந்தால் கல்யாணச் சான்று. இறந்திருந்தால் இறப்புச் சான்று. இல்லையென்றால் சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். மகனே இல்லை என்பதற்குக் கணினியில் கட்டம் கிடையாது.

"அவரு யாருன்னே தெரியாதுங்களே, எப்படிங்க கூட்டிக்கிட்டு வர்றது?" என்று இளையபெருமாள் கேட்டார்.

"ஒங்க கார்டுல இருக்கார். நீங்கதான் சொல்லணும்" என்றார் அவர்.

புதன்கிழமை மதிவதனியையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனார்கள். தாசில்தார் கூட்டத்துக்குப் போயிருந்தார். அலுவலகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் இரண்டு நாளாக இவர்கள் அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, இதுக்கா இவ்வளவு அலைச்சல் என்றார். ஆள் இருக்கிறான் என்று காட்டுவதுதான் கஷ்டம், இல்லை என்று காட்டுவது சுலபம். வீட்டிலேயே இறந்ததாக எழுதிவிடலாம், இரண்டு சாட்சிக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், நாளைக்கு மத்தியானம் சான்று கையில் இருக்கும் என்றார்.

இளையபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வந்தது. இரண்டு நாளாக வேலை போயிற்று. யாருக்கும் கெடுதல் இல்லைதானே என்று கேட்டார். இல்லாத ஆளுக்கு என்ன கெடுதல் என்று மனு எழுதுகிறவர் தாளை எடுத்தார். இறந்தவர் பெயர் என்று எழுதி, பக்கத்தில் புகழேந்தி என்று எழுதினார்.

அம்சம் அந்தத் தாளைப் பிடித்து இழுத்துவிட்டாள். அப்படிச் செய்வோம் என்று அவளே நினைக்கவில்லை.

"வேணாம்."

"என்னம்மா நீ" என்றாள் மதிவதனி.

"யாரு பெத்த புள்ளையோ. அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பால்ல, சாப்புட்டியான்னு கேக்க? அவ புள்ளைய நான் செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுக்கறதா?"

"நாளன்னைக்கு கடைசி நாளும்மா."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. நாளையிலேர்ந்து நானும் நாத்துப் பறிக்க வர்றேன்."

மகள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அம்சத்துக்குத் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஊர் வந்தார்கள். தான் செய்தது சரியா தப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை. முகம் தெரியாத ஒருவனுக்காகத் தன் மகள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று வழியெல்லாம் ஒரு பயம் கூடவே வந்தது.

நிறுத்தத்தில் வேம்பு காத்துக்கொண்டிருந்தார். வேம்பு அந்த ஊரின் தலையாரி. இப்போது கிராம உதவியாளர் என்கிறார்கள். வி.ஏ.ஓ. அலுவலகக் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவர்தான். செவ்வாய்க்கிழமை இவர்கள் வந்து போனதிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. பழைய கட்டுகளையெல்லாம் அவிழ்த்துப் போட்டுத் தேடி, நாலு வருஷம் முந்தைய விண்ணப்பத்தின் நகலைக் கண்டுபிடித்திருந்தார். ஓரம் கரையான் அரித்த தாள். அதில் ஊர் கீழநாணல்குடி என்று இருந்தது.

"கீழநாணல்குடி இங்கேயா இருக்கு? அது திருக்கடையூர் பக்கம். எங்கேயோ ஒருத்தன் கார்டுல சேக்கச் சொல்லிப் போட்டுருக்கான். அங்க ஒரு இளையபெருமாள், அம்சம் இருந்துருக்காங்க. இங்கயும் இருக்கீங்க. எந்தப் புண்ணியவானோ மேல கீழ பாக்காம தட்டி விட்டுட்டான்" என்றார் வேம்பு. தாளின் அடியில் ஒரு கைபேசி எண் இருந்தது.

நான் பேச மாட்டேன், என்ன பேசுறதுன்னு தெரியல என்று இளையபெருமாள் சொல்லிவிட்டார். கலந்தர் பாய் கடையில் ஆசியா எண்ணைப் போட்டு அம்சத்திடம் கொடுத்தாள். மணி நாலரை இருக்கும். நாலைந்து தடவை அடித்த பிறகு ஒரு ஆண்குரல் எடுத்தது. பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற இரைச்சல்.

"யாருங்க?"

"தம்பி, புகழேந்தியா?"

"ஆமா. நீங்க?"

"நான் அம்சம் பேசுறேன்ப்பா. நாணல்குடி அம்சம்."

எதிர்ப்பக்கத்தில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வைத்துவிட்டான். ஆசியா மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. அவ்வளவுதான் என்று மதிவதனி எழுந்து வெளியே போனாள். கால் மணி நேரம் கழித்து அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. இப்போது இரைச்சல் இல்லை. எங்கேயோ தனியாக வந்து நின்று பேசுகிறான் போலிருந்தது.

"யாருங்க நீங்க? எதுக்கு அந்தப் பேரச் சொல்றீங்க?"

அம்சம் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். மேல, கீழ, சர்க்கரை, சான்று, வெள்ளிக்கிழமை என்று எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"எங்கம்மா பேரும்மா அது" என்றான் கடைசியில். "எறந்து ஒம்பது மாசம் ஆவுது. அப்பா முன்னாடியே போயிட்டாரு. வாரிசு சான்று கேட்டு எட்டு மாசமா அலையிறேன். எங்கம்மா உயிரோட இருக்காங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். கார்டுல இருக்காங்க, மாசாமாசம் கைரேகை வச்சு சாமான் வாங்குறாங்கன்னு சொன்னாங்க. நான் என்னென்னமோ நெனச்சேன். நீங்கதானா அது?"

"நாந்தாம்ப்பா" என்றாள் அம்சம். ஏன் என்று தெரியவில்லை, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போல இருந்தது.

அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பி, சாயங்காலம் நீடாமங்கலத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். ஒல்லியாக, உயரமாக, கன்னத்தில் லேசான தாடியோடு இருந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராக ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இளையபெருமாளின் சாடை இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார்கள் என்று அம்சத்துக்குத் தெரியும். அவளும் ஒரு நிமிஷம் பார்த்தாள். இல்லை. அவள் பார்ப்பதை இளையபெருமாள் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு தடவை இருமினார். அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் வரவேயில்லை.

குளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்ததால் கெண்டை மலிவாகக் கிடைத்தது. குழம்பு வைத்தாள். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு சாப்பிட்டான். மதிவதனி எந்தக் குரூப் எடுக்கப்போகிறாள் என்று கேட்டான். தான் மெக்கானிக்கல் எடுத்துப் பட்ட பாட்டைச் சொன்னான். நேற்றிலிருந்து பேசாமல் இருந்த பெண் அவனிடம் விடாமல் கேள்வி கேட்டாள். என்னால ஒங்களுக்கு எவ்வளவு செரமம் என்று அவன் சொன்னபோது, நீ என்ன பண்ணுவ, நாங்க என்ன பண்ணுவோம் என்றார் இளையபெருமாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அம்சமும் மதிவதனியும் அவனும் வேட்டக்குளத்தில் இருந்தார்கள். வழங்கல் அலுவலர் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும் என்றார். மாதிரித் தாள் ஒன்றைக் கொடுத்தார். மதிவதனி அம்மாவுக்காகப் பார்த்து எழுதினாள். மேற்படி புகழேந்தி என்பவர் எனக்குப் பிறந்தவர் அல்ல என்றும், அவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன். அவன் மேசையின் மறுமுனையில் நின்று தன்னுடையதைத் தானே எழுதினான். மேற்படி அம்சம் என்பவர் என் தாயார் அல்ல. அதில் அம்சம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து எழுதி முடித்தான்.

"வாய்மொழியாகவும் கேக்கணும்" என்றார் அலுவலர். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இவர் ஒங்க மகனா?"

நாலு நாளாக இதே பதிலை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். இப்போது அவன் பக்கத்தில் நிற்கும்போது சட்டென்று வரவில்லை.

"இல்லீங்க."

"ஒங்களுக்கு இவங்க தாயாரா?"

"இல்லீங்க மேடம்" என்றான் அவன்.

காரணம் என்ற கட்டத்தில் 'தனிக்குடும்பம்' என்பதைத் தவிர வேறு எதுவும் பொருந்தவில்லை, அதையே தேர்ந்தெடுத்தார். திரையில் நாலு மூன்றாயிற்று. அந்த அம்மாவே எழுந்து தாசில்தார் அறைக்குப் போய்ச் சொன்னார். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொரு கையாகத் தாண்டி, நாலே முக்காலுக்குச் சான்று வந்தது. ஆசியா அதை ஏற்றிவிட்டுத் தொலைபேசியில் சொன்னபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. மதிவதனி பஸ் நிலையத்தில் எல்லார் முன்னாலும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனுக்கு ஓசூர்ப் பக்கம் போகிற பஸ் அப்போதுதான் வந்தது. சீட்டுப் பிடிக்கிற அவசரத்தில் ஏறிவிட்டான். சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

ஆவணியில் மதிவதனி கல்லூரிக்குப் போய்விட்டாள். அந்த மாதக் கடைசியில் அவனிடமிருந்து போன் வந்தது. அட்டையில் பேர் போயும் அவனுடைய விண்ணப்பம் நகரவில்லை. உயிரோடு இருப்பதாகப் பதிவான அம்சம் யார், அவர் நேரில் வந்து தான் வேறு ஆள் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார்களாம். கேட்கவே தயக்கமாக இருக்கிறது என்றான். எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டாள் அம்சம்.

களையெடுப்பை விட்டுவிட்டு, விடியற்காலையில் கும்பகோணம் போய், அங்கிருந்து பஸ் மாறிப் போனாள். திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற கூட்டத்தில் உட்கார இடமில்லை. மாயவரம்வரை நின்றுகொண்டே போனாள். கீழநாணல்குடியில் அவன் வீடு ஓட்டு வீடு. பூட்டியே கிடந்த வீட்டின் வாசனை. சுவரில் அவன் அம்மாவின் படம். ரேஷன் அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கியது. அசையாதீங்க என்று சொன்னதும் விழித்துக்கொண்டு நிற்பது போல அந்தப் பொம்பளை நின்றாள். காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தாள். அம்சம் அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். என்ன நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஆர்.ஐ. அலுவலகத்தில் இருந்தவர் வயதானவர். அம்சத்தின் ஆதாரைப் பார்த்தார், அவன் கொடுத்த இறப்புச் சான்றைப் பார்த்தார், மறுபடி ஆதாரைப் பார்த்தார். பேர் அம்சம், கணவர் இளையபெருமாள், ஊர் நாணல்குடி. இரண்டிலும் அதேதான். மேல என்பதன் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டார், கீழ என்பதன் கீழும் போட்டார். பிறகு வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டினார்.

"மேற்படி அம்சம் என்பவர் இறந்துவிட்டார் என்பதை நான் நன்கு அறிவேன். இப்படிக்கு, அம்சம்." அவரே ஒரு நிமிஷம் நிறுத்தி அதைப் பார்த்தார். "இத மேல அனுப்புனா யாரு செத்தது, யாரு எழுதுனதுன்னு கேப்பான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்தார். "எறந்தவங்கள ஒங்களுக்கு நேர்ல தெரியுமாம்மா? நன்கு அறிவேன்னு போடணும். சொந்தமா, பழக்கமா, என்ன?"

அவன் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்சம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும்ங்க" என்றாள். "அவுங்க புள்ள நாலு வருஷம் எங்கிட்டதான் இருந்துச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் பேனாவை வாங்கி, நிதானமாகத் தன் பேரை எழுதத் தொடங்கியிருந்தாள்.